ஓடியாடும் நேரம் எங்களுக்கும் வேண்டும்

இவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள், விளையாட்டு ஆசிரியை கையில் ஒரு தாளோடு எங்கள் வகுப்பிற்கு வந்தார்கள். "விளையாட்டு விழாவுக்கு இன்னும் இரண்டு வாரந்தான் இருக்கிறது. ஓட்டப் பந்தயத்துக்கு யார் யார் பெயர் தருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். வகுப்பில் நாங்கள் 42 பேர். மின்விசிறி சுற்றும் ஓசை நன்றாகக் கேட்டது. கடைசியில் எழுந்த கைகள் ஐந்து. அந்த ஐந்திலும் ஒன்று, "டீச்சர், எனக்கு முழங்கால் வலி, கோலப் போட்டிக்கு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்காக எழுந்த கை!

ஆசிரியை கோபிக்கவில்லை. "ஆறாம் வகுப்பில் இதே பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டு போகும். நான்கே ஆண்டில் உங்களுக்கு என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று நாங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை. இந்த ஆண்டு மலரில் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். பெற்றோரும் அருட்சகோதரிகளும் எங்களைப் பொறுத்துக்கொண்டு இறுதிவரை படிக்க வேண்டுகிறோம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள். 2021 நவம்பரில்தான் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது. ஏறத்தாழ இருபது மாதங்கள் நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். பாடம் படிக்க என்று கைக்கு வந்த கைபேசி, பாடம் முடிந்த பிறகும் கையிலேயே தங்கிவிட்டது. ஓடிப் பழக வேண்டிய வயதில் உட்காரப் பழகினோம். இது யார் குற்றமும் அன்று. அந்நாளில் உயிரோடு இருப்பதே பெரிதாக இருந்தது.

பள்ளி திறந்ததும் மறுபடி ஓடத்தான் செய்தோம். அதற்குள் ஒருத்தி பின் ஒருத்தியாகப் 'பெரியவள்' ஆனோம். சடங்கு நடந்தது; புதுப் பாவாடை தாவணி கிடைத்தது; மாமன் சீர் வந்தது. அத்தோடு ஒரு சட்டமும் வந்தது. "இனிமேல் தெருவில் குதிக்காதே. அடக்கமாக இரு." நேற்றுவரை பாண்டி ஆடிய அதே வாசலில் இன்று நின்றாலே, "பொம்பளப் பிள்ளைக்கு வாசலில் என்ன வேலை?" என்று கேள்வி வருகிறது. நம் தம்பியோ மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வெளியே போகிறான். அவனைக் கேட்பார் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் டியூஷன் சேர்ந்தது. பத்தாம் வகுப்பில் காலைச் சிறப்பு வகுப்பும் சேர்ந்தது. ஆசிரியையின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: எங்கள் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, டீச்சர். அவற்றை மடக்கி வைக்கப் பழகிவிட்டோம்.

இது எங்கள் தெருவின் கதை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 146 நாடுகளின் விவரங்களைத் திரட்டி உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவ மாணவியர் 2016-இல் எப்படி இருந்தார்கள் என்பது அதில் சொல்லப்பட்டிருக்கிறது. போதிய அளவு ஓடியாடாதவர்கள் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர். பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேர். ஆண் பிள்ளைகளும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் நாம் அவர்களுக்கும் பின்னால் நிற்கிறோம். கொரோனாவுக்கு முன்பே நிலைமை இது.

போதிய அளவு என்றால் எவ்வளவு? 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும்படியாக, உடலை அசைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது. அவற்றில் வாரத்திற்கு மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலிமை தரும் வேலையாக இருக்க வேண்டுமாம். குதித்தல், ஓடுதல், ஏறுதல் ஆகியவை அத்தகையவை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டும் என்பதில்லை. காலையில் 20 நிமிடம், மாலையில் 40 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். இதற்கு மைதானம் வேண்டும் என்றோ, பயிற்சியாளர் வேண்டும் என்றோ எங்கும் சொல்லப்படவில்லை. வீட்டிலேயே செய்யலாம்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்ற பழமொழியைப் பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். அந்தச் சுவர் எப்போது எழும்புகிறது என்று நாம் யோசித்ததில்லை. ஒரு பெண்ணின் எலும்பு தன் வாழ்நாளில் எட்டக்கூடிய உச்ச வலிமையில் நூற்றுக்கு 90 பங்கு வரை 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். பிறகு சேருவது கொஞ்சம். நடுவயதுக்குப் பின் கரைவதே மிகுதி. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் பாட்டிமார் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! எலும்பு என்பது சேமிப்புக் கணக்கு. அதில் பணம் போடக்கூடிய ஆண்டுகள் இவைதாம். அந்த ஆண்டுகளில்தான் 'குதிக்காதே' என்று நம்மைச் சொல்கிறார்கள்.

இரத்தத்தின் கதையும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் யாராவது மயங்கி விழுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். இரத்தமில்லாத பெண்ணை "ஓடு, ஓடு" என்று விரட்டினால் ஓட முடியாது. ஆகவே விளையாட்டோடு முருங்கைக் கீரையும் கேழ்வரகும் கடலை மிட்டாயும் சேர வேண்டும். வாரந்தோறும் தரும் நீல மாத்திரையை விழுங்காமல் சன்னல் வழியே எறிந்தவர்களில் எங்களில் சிலரும் உண்டு. இங்கேயே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறோம்.

வெறும் உபதேசம் செய்ய எங்களுக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. எனவே நாங்களே செய்து பார்த்தோம். சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்த மறுநாள், அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். நாற்பது நாட்கள், நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டை விட்டு வெளியே போகாமல், காசு செலவழிக்காமல். ஒவ்வொருத்தியும் ஒரு நோட்டில் அன்றன்று செய்ததையும், செய்யாத நாளில் ஏன் செய்யவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

கயிறு தாண்டுவதற்குப் பழைய கிணற்றுக் கயிறு போதுமாக இருந்தது. கீழ் வீட்டார் "இடி இடிக்கிறது" என்று சொன்னபோது இரண்டு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் தாண்டினோம். மொட்டை மாடியில் கோலமாவால் கட்டம் போட்டுச் சில்லு எறிந்து பாண்டி ஆடினோம். மாடி இல்லாத வீட்டில் கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினோம். காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கும் எங்கள் தோழி, நான்கு குடும்பங்களுக்கும் பொதுவான முற்றத்தில் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக் கும்மி தொடங்கினாள். மூன்றாம் நாள் அந்தக் குடித்தனத்து அத்தைகள் இருவரும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்! மழை நாளில் மாடிப்படியைப் பத்து முறை ஏறி இறங்கினோம். பல்லாங்குழியும் தாயமும் நல்ல விளையாட்டுகளே; ஆனால் உட்கார்ந்து ஆடுவதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தோம்.

நாற்பதாம் நாளில் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் மிஞ்சினோம். ஐந்து பேர் ஏன் நின்றார்கள்? சோம்பலால் நின்றவள் ஒருத்தி மட்டுமே. அவளே அப்படி எழுதியிருக்கிறாள். மற்ற நான்கு நோட்டுகளும் வேறு கதை சொல்கின்றன. "அடுத்த வீட்டுத் தாத்தா, 'பெரிய பெண் மாடியில் குதிக்கிறாளே' என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மாடிக் கதவு பூட்டியிருந்தது." இது ஒரு நோட்டு. "விருந்தாளி வந்தார்கள். பாத்திரம் கழுவினேன். மறுநாளும் வந்தார்கள்." இது இன்னொன்று. "பாட்டி, வயிறு புரண்டுவிடும் என்கிறாள்." "டியூஷன் முடிந்து வர மணி எட்டேகால்." இவை மற்ற இரண்டு. இந்த வரிகளை எழுதியவர்கள் அழுதுகொண்டு எழுதவில்லை. சாதாரணமாகவே எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு வருத்தம் தந்தது அந்தச் சாதாரணந்தான்.

மிஞ்சிய எழுவரின் கணக்கையும் சொல்ல வேண்டும். முதல் நாள் முப்பது தாண்டலில் மூச்சு முட்டிய ஒருத்தி, நாற்பதாம் நாளில் நிற்காமல் இருநூறு தாண்டினாள். இரவில் நெடுநேரம் புரண்டுகொண்டிருந்த இருவர் படுத்தவுடன் உறங்கினார்கள். மதிப்பெண்? காலாண்டுத் தேர்வில் நால்வருக்குக் கூடியது, இருவருக்கு மாறவில்லை, ஒருத்திக்குக் குறைந்தது. ஏழு பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று கணித ஆசிரியை சொன்னார்கள். உண்மைதான். ஆனால் 'விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும்' என்பதையும் யாரும் எங்களிடம் நிரூபித்ததில்லையே! உடலசைவு மனத்தை ஒருமுகப்படுத்தவும் படிப்புக்கும் துணை செய்கிறது என்றே முன் சொன்ன வழிகாட்டி கூறுகிறது.

இனி, பெரியவர்கள் சொல்லும் மறுப்புகளைப் பார்ப்போம். அவற்றில் நியாயமும் இருக்கிறது.

"காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண்ணைத் தெருவுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது" என்கிறார்கள் அம்மாக்கள். இந்தப் பயத்தை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். மாலையில் நாங்கள் திரும்ப ஐந்து நிமிடம் தாமதமானாலும் வாசலில் நிற்கும் முகங்களை நாங்கள் அறிவோம். அதனால்தான் வீட்டிலேயே இடம் கேட்கிறோம். மாடிக் கதவைத் திறந்து விடுங்கள். வேண்டுமானால் நீங்களும் வந்து உட்காருங்கள். அதைவிட, எங்களோடு நாலு கும்மி அடியுங்கள். நான்கு வீட்டுப் பெண்கள் ஒரு மாடியில் கூடினால் ஒரு வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொண்டாலே போதும். பாதுகாப்புக்காகக் கதவைச் சாத்துவது ஒன்று. அடுத்த வீட்டுத் தாத்தாவின் பேச்சுக்காகச் சாத்துவது வேறு. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம் என்பதே எங்கள் விண்ணப்பம்.

"வயதுக்கு வந்த பெண் குதிக்கலாமா?" என்பது பாட்டிமாரின் கேள்வி. மருத்துவ முகாமுக்காக எங்கள் பள்ளிக்கு வந்த பெண் மருத்துவரிடம் இதையே கேட்டோம். நல்ல உடல்நலமுள்ள பெண் குதிப்பதால் வயிற்றுக்குள் எதுவும் புரளாது, இடம் பெயராது என்றார்கள். மாதத்தின் அந்த நாட்களிலும் மெல்லிய நடையும் பயிற்சியும் பலருக்கு வலியைக் குறைக்கும். வலி மிகுந்தால் ஓய்வெடுக்கலாம். வலி மிகக் கடுமையாக இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

"நாங்கள் எந்த மைதானத்துக்குப் போனோம்? வீட்டு வேலை செய்தோம், திடமாக இருந்தோம்" என்றும் பாட்டிகள் சொல்கிறார்கள். கிணற்றில் நீர் இறைத்து, ஆட்டுக்கல்லில் மாவரைத்து, உரலில் நெல் குத்தியவர்கள் அவர்கள். இன்று மோட்டாரும் கிரைண்டரும் மிக்ஸியும் வந்துவிட்டன. அவற்றைக் குறை சொல்ல மாட்டோம். நம் அம்மாக்களின் முதுகைக் காப்பாற்றியவை அவைதாம். ஆனால் இயந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்த அந்த நேரம் எங்கே போயிற்று? தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் அல்லவா போய்விட்டது! மேலும், பெண்ணுக்குப் பாத்திரம் துலக்குவதே உடற்பயிற்சி என்றால், அந்தப் பயிற்சியின் நன்மை தம்பிக்கும் அண்ணனுக்கும் கிடைக்கட்டுமே! அவர்கள் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுங்கள். எங்கள் கையில் அரை மணி நேரம் பந்தைக் கொடுங்கள்.

"பொதுத் தேர்வு முடியட்டும்; பிறகு விளையாடலாம்" என்பது எல்லாரும் சொல்லும் வார்த்தை. பத்தாம் வகுப்புக்குப் பின் பன்னிரண்டாம் வகுப்பு. அதன் பின் கல்லூரி. அதன் பின் கல்யாணம். அந்தப் 'பிறகு' எங்கள் அம்மாக்களுக்கு வந்ததா? எங்களில் ஒருத்தியின் அம்மா, பள்ளி நாட்களில் எறிபந்து அணியில் ஆடியவர். வாங்கிய கோப்பை இன்னும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கடைசியாக எப்போது பந்தைத் தொட்டீர்கள் என்று மகள் கேட்டபோது, அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றாராம்.

மதுரையைச் சேர்ந்த ரேவதி வீரமணியைப் பற்றிப் பலரும் படித்திருப்பீர்கள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியின் நிழலில் வளர்ந்தவர். தொடக்கத்தில் காலணிகூட இல்லாமல் ஓடினார். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் ஆண்களும் பெண்களும் கலந்து ஓடும் தொடர் ஓட்டத்தில் இந்திய அணிக்காக ஓடினார். நாங்கள் எல்லாரும் ஒலிம்பிக்குக்குப் போகப் போவதில்லை. நாங்கள் நினைத்துப் பார்ப்பது அந்தப் பாட்டியை. ஊர் என்ன சொல்லும் என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால், அந்தக் கால்கள் ஓடக்கூடியவை என்பதே உலகுக்குத் தெரியாமல் போயிருக்கும். நம் தெருவில் அப்படித் தெரியாமலே போன கால்கள் எத்தனையோ!

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. 'அப்பா விடவில்லை' என்பது சில நாட்களில் உண்மை; பல நாட்களில் சாக்கு. கதவு திறந்திருந்த நாட்களிலும் கைபேசியில் பிறர் ஆடுவதைக் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உரிமை கேட்பவர் அதைப் பயன்படுத்தவும் வேண்டும். ஆகையால் மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை கைபேசியைத் தொடுவதில்லை என்று நாங்கள் எழுவரும் முடிவு செய்திருக்கிறோம். இதை அச்சில் ஏற்றிவிட்டதால் இனி பின்வாங்க முடியாது!

முடிவாக, எங்கள் விண்ணப்பங்கள் மூன்று. பெற்றோரே, மகனுக்குத் தரும் மாலை நேரத்தில் ஒரு பங்கை மகளுக்கும் தாருங்கள். டியூஷனுக்கும் இரவு உணவுக்கும் நடுவில் அது தொலைந்துபோகாமல் காத்துத் தாருங்கள். அருட்சகோதரிகளே, ஆசிரியைகளே, பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட்டைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள். வாங்கிய கடன் எங்களுக்குத் திரும்பி வந்ததே இல்லை. தங்கைகளே, ஆறாம் ஏழாம் வகுப்பில் இன்று தொண்டை வறள ஓடும் சின்னஞ்சிறு தங்கைகளே, சடங்கு முடிந்த மறுவாரமும் கயிற்றைக் கீழே வைக்காதீர்கள். நாங்கள் வைத்துவிட்டோம். மறுபடி எடுக்க நாற்பது நாட்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு விளையாட்டு ஆசிரியை அதே தாளோடு பத்தாம் வகுப்பிற்குள் நுழைவார்கள். எத்தனை கைகள் எழுந்தன என்று அன்று மாலையே வந்து விசாரிப்போம். ஐந்துக்கு மேல் இருக்க வேண்டும். அந்த முழங்கால் வலிக்காரி எங்கள் எழுவரில் ஒருத்தி. அடுத்த ஆண்டு அவள் கோலப் போட்டிக்குப் பெயர் தருவதாக இல்லை.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு